இஞ்சின் தட்டிய ஒன்பது நாள்

சிவமயம்

அளவெட்டி
12.06.2025

அன்புள்ள மகள் ஆரபிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. பிள்ளையார் புண்ணியத்தில் நாங்கள் இருவரும் நடமாடிக்கொண்டு இருக்கிறோம், என் முழங்கால் மட்டும் இடைக்கிடை முரண்டு பிடிக்கிறது. நீயும் மருமகனும் என் செல்லப் பேத்தி வினோஜாவும் அந்தத் தூர தேசத்தில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்றுதான் விளக்கேற்றும் நேரமெல்லாம் கேட்கிறேன். கடிதத்தைக் கண்டதும் யாருக்கு என்னவோ என்று நெஞ்சில் கை வைக்காதே, ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. வட்ஸ்அப் இருக்கும்போது இந்த மனுசிக்கு ஏன் பேனாவும் தாளும் என்று நீ நினைப்பாய். இது போனில் கதைக்கக்கூடிய கதை இல்லை பிள்ளை. உன் அப்பா போனை ஸ்பீக்கரில் முழுச் சத்தத்துக்கு வைத்து விறாந்தை மேசையில் நிறுத்திவிடுவார், ஒஸ்லோவில் நீ என்ன கறி வைத்தாய் என்று எனக்கு விளங்குமுன் வேலிக்கு அந்தப் பக்கம் விளங்கிவிடும். அந்தப் பக்கத்து வீட்டுச் சுபாஜினிதான் லீவு முடிந்து சனிக்கிழமை நோர்வேக்குத் திரும்புகிறாள். அவளிடம் இதையும் ஒரு பார்சலையும் கொடுத்துவிடுகிறேன். மிளகாய்த்தூளை வந்த கையோடு போத்தலில் போட்டு இறுக்கி மூடு. போன முறை போல் பையோடு வைத்துப் பூச்சி பிடிக்க விட்டுவிட்டு, அம்மா இடித்த தூள் சரியில்லை என்று எனக்குச் சொல்லாதே.

இனி விசயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை அப்பா சொன்னதைக் கேட்டு நீ எவ்வளவு சந்தோசப்பட்டாய் என்று எனக்குத் தெரியும். எங்கள் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் காரின் இஞ்சினைக் கழற்றிவிட்டு ஜப்பான் இஞ்சின் ஒன்றைப் போடுங்கள் என்று நீ நாலைந்து வருசமாக மன்றாடுகிறாய். அவரும் ஒவ்வொரு முறையும், 'இந்த இஞ்சினை வைச்சு ஹயர் ஓடித்தான் உன்னைப் படிப்பிச்சனான், அதைக் கழட்டி எறியச் சொல்லுறியே' என்று உன் வாயை அடைத்துவிடுவார். இந்த முறை இஞ்சின் பழுதாகிக் கார் கராச்சில் கிடக்கிறது என்று அறிந்ததும் நீ திரும்பவும் கேட்டாய், அவர் மறுபேச்சில்லாமல் 'சரி பிள்ளை, புதுசே போடுவம்' என்றார். நீயும் மாதம் முடியுமுன் காசு அனுப்புகிறேன் என்றாய். அனுப்பாதே. ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளத்துக்கு எழுதப் போகிறேன்.

போன மாதக் கடைசியில் வட்டுக்கோட்டையில் ஒரு கலியாண வீடு. எங்கள் தவில்காரத் தம்பி கஜானனின் மேளக் கோஷ்டிக்கு வழமை போல் அப்பாதான் வாடகைக்கு ஹயர் ஓடினார். திரும்பி வரும்போது, உச்சி வெயிலில், நடு வயல்வெளியில், இஞ்சின் ஒருமுறை குலுங்கி அப்படியே நின்றுவிட்டது. கோஷ்டி முழுவதும் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளிப் பார்த்தது, உயிர் வரவில்லை. கடைசியில் வெங்காயம் இறக்கிவிட்டு வந்த ஒருவர் தன் லான்ட்மாஸ்டரின் பின்னால் கயிறு கட்டி, சுன்னாகத்தில் டினேசின் கராச் வரை இழுத்து வந்து விட்டாராம். உழவு மெசின் முன்னால் போக, நாதஸ்வரத்தை மடியில் வைத்துக்கொண்டு ஆட்கள் பின்னால் இருக்க, எங்கள் கார் ஊர்வலம் போனதைப் பார்த்தவர்கள் இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அன்று வீட்டுக்கு வந்து அதைச் சொல்லும்போது அப்பாவும் சிரித்தார். பழைய சாமான் பிள்ளை, ஒரு நாளைக்கு நிற்கத்தானே வேண்டும் என்று நானும் பெரிதாக எடுக்கவில்லை.

மறுநாள் சாப்பாட்டுப் பார்சலோடு பஸ் ஏறிக் கராச்சுக்குப் போனேன். டினேஸ் இஞ்சினை இறக்கி அடிப்பக்கத்தைக் கழற்றி வைத்திருந்தான். உள்ளே சுழலும் தண்டையும், அதைப் பிடித்திருக்கும் பெயாரிங் தகட்டையும் எனக்குக் கூப்பிட்டுக் காட்டினான். தகடு தேய்ந்து கடதாசியாகிவிட்டது, தண்டில் வரி வரியாகக் காயம். 'அக்கா, இது ஒரு நாளிலை வாற வருத்தம் இல்லை. ஒரு கிழமைக்கு மேலை இஞ்சின் தட்டியிருக்கும். அண்ணைக்குக் கேட்டிருக்குமே' என்றான். அப்பா பக்கத்தில்தான் நின்றார், கையில் பட்ட ஒயிலைத் துணியில் துடைத்துக்கொண்டு. டினேஸ் அவர் முன்னால் வந்து நின்று திரும்பவும் அதையே கேட்டான். அப்பா அவன் வாயைப் பார்த்தார், பிறகு தண்டைப் பார்த்தார், பிறகு சொன்னார், 'ஓம் ஓம், கேட்டதுதான். கலியாண ஹயர் முடியட்டும் எண்டு விட்டிட்டன்.' டினேஸ் திகைத்துப்போனான். கதவுப் பிடி கொஞ்சம் ஆடினாலே காரை நிறுத்தி ஸ்குறூ இறுக்குகிற மனுசன் இவர். ஒரு இஞ்சின் தட்டத் தட்ட ஒரு கிழமை ஓட்டினார் என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் அவரே சொன்னால் நம்பத்தானே வேண்டும். பின்னேரம் ஆகுமுன் ஊர் முழுக்கக் கதை, வயது போய் மனுசனுக்கு அக்கறை போய்விட்டது என்று. அதை நான் நம்பவில்லை.

ஏனென்றால் எனக்கு அப்போதே சந்தேகம் பிடித்துவிட்டது. அடுத்த நாள் கஜானன் ஒரு சீப்புக் கதலியோடு பார்க்க வந்தான். அப்பா கிணற்றடியில் நின்ற நேரம் பார்த்து என்னிடம் மெதுவாகச் சொன்னான், 'அக்கா, நாளுக்கு ஒரு கலியாண வீடு எண்டு ஓடினனாங்கள், எங்களுக்கு ஒரு கிழமையாக் கேட்டது. போற வழியெல்லாம் நான் அந்தச் சத்தத்துக்குத் துடையிலை விரலாலை தட்டிக்கொண்டு போனனான். அண்ணைக்குத் தெரியாத இஞ்சினே, நாங்கள் போய் அவருக்கு வகுப்பெடுக்கிறதே எண்டு விட்டிட்டம்.' பார் பிள்ளை, ஒரு கார் நிறைய வித்துவான்கள், ஒரு சுருதி பிசகினால் முகம் சுளிக்கிறவர்கள், அத்தனை பேருக்கும் கேட்டிருக்கிறது. மரியாதைக்கு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. எனக்கும் கேட்டது. தோட்டத்தில் வெங்காயம் கிண்டி எடுத்த திங்கட்கிழமை தொடங்கி, அவர் காரை ஸ்டார்ட் பண்ணிப் படலைக்கு எடுக்கும்போதெல்லாம், வெறும் உரலில் யாரோ இடிப்பது போல் குசினிக்குள் கேட்டது. ஒன்பது நாள். கணக்கு எனக்கு நல்ல ஞாபகம். ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறாயா? நீ சின்னப் பிள்ளையாக இருக்கும்போது ஒருமுறை, காரில் ஏதோ மணக்குதே என்று சொன்னதற்கு, 'நீர் குசினியைப் பாரும், காரை நான் பாக்கிறன்' என்று நாலு பேருக்கு முன்னால் சொல்லிவிட்டார். அன்றைக்கு வாயைத் தைத்தவள்தான். அந்த ரோசத்தை இருபத்தாறு வருசமாகப் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன். இவ்வளவு சத்தம் போடுது, மனுசனுக்குக் கேட்காமலா இருக்கும், படட்டும் என்று பேசாமல் சோறு வடித்துக்கொண்டு இருந்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அவருக்குக் கேட்கவில்லை ஆரபி. அதுதான் உண்மை. போனில் சாப்பிட்டீர்களா என்று நீ கேட்டால் இங்கே நல்ல வெயில் என்பார், லைன் சரியில்லை என்று நீயும் விட்டாய், நானும் விட்டேன். வினோஜாக்குட்டிதான் ஒருநாள், அம்மப்பா ஏன் நான் கேட்கிறதுக்கு மறுமொழி சொல்லுறார் இல்லை என்று கேட்டாள், பிள்ளைக்குத் தெரிந்தது எங்களுக்குத் தெரியவில்லை. காரில் ஒயில் காட்டும் முள் நீ பள்ளிக்கூடம் போன காலத்திலேயே விழுந்துவிட்டது. இரண்டு காது இருக்கும்போது முள் எதற்கு என்று பெருமை பேசியவர். இப்போது காது கைவிட்டதைச் சொல்வதைவிட, அக்கறையில்லாமல் இஞ்சினைக் கெடுத்தவன் என்ற பேரை வாங்குவது அவருக்குச் சுகமாக இருந்திருக்கிறது. கேட்கவில்லை என்று ஒரு சொல் சொன்னால் நாளைக்கு யார் நம்பிக் காரில் ஏறுவார்கள் என்ற பயம்.

நீ போனை வைத்த பிறகு கேட்டேன், நாற்பது வருசம் கட்டிக் காத்த இஞ்சினை ஏன் திடீரென்று மாற்றச் சம்மதித்தீர்கள் என்று. முதலில் மழுப்பினார். பிறகு, 'ஜப்பான் இஞ்சின் எண்டால் ஒண்டு பிழைச்சால் முன்னுக்குச் சிவப்பு லைற் பத்துமாம்' என்று சொல்லிவிட்டு எழுந்து மாட்டுக்கு வைக்கோல் போடப் போய்விட்டார். நீ அங்கே வென்றுவிட்டேன் என்று நினைத்துச் சந்தோசப்படுகிறாய், இங்கே மனுசன் ஒரு சிவப்பு லைற்றுக்காகத் தன் இஞ்சினையே கைவிடத் துணிந்துவிட்டார்.

அடுத்த நாள் பின்னேரம் தேத்தண்ணீரைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, அவருக்கு நேரே கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன். சுற்றி வளைக்கவில்லை. 'இஞ்சேருங்கோ, இஞ்சின் தட்டினது எனக்குக் கேட்டது. ஒன்பது நாள் கேட்டது. சொல்லாமல் விட்டது என்ரை பிழை. உங்களுக்குக் கேக்கேல்லை எண்டு எனக்குத் தெரியும்' என்று முகத்தைப் பார்த்து நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். கத்துவார் என்றுதான் நினைத்தேன். கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கதிரையை முன்னுக்கு இழுத்தார். பிறகு, 'உமக்கு எப்பிடிக் கேட்டது, சொல்லும்' என்றார். எனக்கு வாயால் சொல்லத் தெரியவில்லை. விரலை மடக்கி மேசையில் தட்டிக் காட்டினேன். அவர் உள்ளங்கையை மேசையில் விரித்து வைத்தார். காலையில் எப்படி என்று கேட்டார், மெதுவாகத் தட்டினேன். வந்து நிற்பாட்டும்போது எப்படி என்றார், பலமாகத் தட்டினேன். 'சூடாகச் சூடாகக் கூடியிருக்கு. அப்ப பெயாரிங்தான். முதல் நாளே அடிக்கழட்டிப் பாத்திருப்பன்' என்று தனக்குத் தானே சொன்னார். கையை எடுக்கவில்லை. கண் நிறைந்துவிட்டது, எனக்கும்தான். இவ்வளவு காலத்தில் அவர் என்னிடம் காரைப் பற்றி ஒரு கேள்வி கேட்டது அன்றைக்குத்தான்.

அதற்குப் பிறகு இருவருமாகத்தான் கராச்சுக்குப் போனோம். டினேஸ் இரண்டு வழியும் சொன்னான். ஜப்பான் இஞ்சின் என்றால் ஒரு கிழமையில் வேலை முடியும், ஆனால் அதை இருத்துவதற்குக் காரின் உடம்பை வெட்டி ஒட்ட வேண்டும், கியர்ப்பெட்டியும் மாற வேண்டும், கார்ப் புத்தகத்தில் இஞ்சின் நம்பரை மாற்ற அரசாங்கக் கந்தோருக்கு அலைய வேண்டும். பழையதைத் திருத்துவது என்றால் தண்டை லேத்தில் கொடுத்துக் கடைந்து, அந்த அளவுக்குப் பெயாரிங் கொழும்பில் தேடி எடுக்க வேண்டும், ஒரு மாதம் பிடிக்கும், ஆனால் மிச்சமெல்லாம் நல்ல இரும்பு, இன்னும் பத்துப் பதினைந்து வருசம் ஓடும் என்றான். சிவப்பு லைற் இதற்கும் போடலாமா என்று நான்தான் கேட்டேன். 'அதென்ன அக்கா பெரிய வேலை, முள்ளும் போட்டு லைற்றும் போட்டுத் தாறன், ஒரு நாள் வேலை' என்று சிரித்தான். அப்பா என்னைப் பார்த்தார். பிறகு டினேசிடம் நேராகவே சொன்னார், 'லைற் வேணும் தம்பி. எனக்குக் காது கொஞ்சம் மந்தம்.' அந்த ஒரு வசனத்தைச் சொல்ல அவர் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். டினேஸ் இஞ்சினைத் திருத்துவது என்று கொப்பியில் எழுதிக்கொண்டான்.

ஆகையால் இஞ்சின் திருத்துகிறோம், மாற்றவில்லை. உன் காசு வேண்டாம் என்று ரோசத்தில் சொல்லவில்லை, காதுக்கு மெசின் பூட்டச் சொன்னால் அப்போது உரிமையோடு கேட்பேன். வருகிற புதன்கிழமை யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் காது பார்க்கிற டொக்ரரிடம் போகிறோம். டொக்ரர் ஓம் என்று சொல்லுமட்டும், கார் திரும்பி வந்தாலும் ஸ்டியரிங்கில் கை வைக்க விடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன், ஒரு பகல் முழுவதும் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டுச் சம்மதித்தார். டொக்ரர் வேண்டாம் என்றால் என்ன செய்வீர்கள் என்றும் கேட்டேன். எனக்கே பயமாகத்தான் இருந்தது, ஆனாலும் கேட்டேன். 'அப்ப கஜானன் ஓடட்டும், நான் பக்கத்திலை இருந்து அவனை ஏசிக்கொண்டு வாறன்' என்றார். கஜானன் பாவம்.

இந்தக் கடிதத்தை அவருக்குத் தெரியாமல் அனுப்பத்தான் எழுதத் தொடங்கினேன். எழுதிக்கொண்டு வரும்போதே கை கூசுகிறது. எல்லாரும் தெரிந்துகொண்டு அவருக்கு மட்டும் சொல்லாமல் இருந்துதானே ஒரு இஞ்சினைக் கெடுத்தோம். இதையும் ஒளித்து அனுப்பினால் நான் திருந்தவில்லை என்று அர்த்தம். எழுதி முடித்ததும் அவரிடமே வாசிக்கக் கொடுக்கப் போகிறேன், கிழித்தால் கிழிக்கட்டும், இன்னொன்று எழுதத் தெரியும்.

வேறென்ன பிள்ளை. வேலை வேலை என்று மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிடாதே, குட்டிக்குத் தலை ஈரத்தோடு படுக்க விடாதே, மருமகனுக்கு இருமல் நிற்கவில்லை என்றால் கொத்தமல்லி அவித்துக் கொடு, பார்சலில் வைத்திருக்கிறேன். அப்பாவோடு கதைக்கும்போது கத்தாதே, கத்தினால் அவருக்கு ரோசம் வரும். முகத்தைப் போனுக்கு நேரே வைத்துக்கொண்டு ஆறுதலாகக் கதை. மூவரும் நீடூழி வாழ, குறையொன்றும் அண்டாமல் இருக்க எங்கள் ஆசிகள் என்றைக்கும் உண்டு.

அன்போடு,
உன் அம்மா
கேதீஸ்வரி

பிள்ளை, அம்மா வாசிக்கத் தந்தா. வாசித்தேன். ரோசம் இருபத்தாறு வருசம் இல்லை, இருபத்தெட்டு. மற்றதெல்லாம் சரி. இஞ்சின் தட்டியது எனக்குக் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் எடு. நீ சொல்வது கேட்காவிட்டால் கேட்கவில்லை என்று சொல்வேன், திரும்பச் சொல்.
அப்பா