ஐவருக்கு ஒரு குழாய்

ஜூன் 3, புதன்

ஆய்வக ஃபிரிட்ஜில் இன்னும் சோதிக்காத ஆயிரத்து நூற்று நாற்பது குழாய்கள். நேற்றைவிட இருநூறு அதிகம். மெஷின் ஒரு ஓட்டத்துக்குத் தொண்ணூற்று நான்குதான் வாங்கும். ஒரு நாளுக்கு இரண்டு ஓட்டம். இன்று நான் முடிவு சொன்னது, எட்டு நாளுக்கு முன்னால் மூக்கில் குச்சி விட்டு மாதிரி கொடுத்தவர்களுக்கு. ஒருவருக்கு ஃபோன் செய்து, உங்களுக்கு நோய் இருக்கிறது என்றேன். "எனக்குச் சரியாகி நாலு நாளாச்சும்மா. இப்ப என் வீட்டுக்காரிக்குத்தான் இருமல்" என்றார். ஃபோனை வைத்த பிறகு எனக்கு வேலையே ஓடவில்லை.

வீட்டுக்கு வந்தால் அண்ணன் காத்திருந்தான் சண்டைக்கு. எந்தத் தெருவை மூடுவது என்று நகராட்சியில் ஆணை எழுதுவது அவன் வேலை. எந்தத் தெருவில் நோய் என்று ஆய்வகத்தில் கண்டு சொல்வது என் வேலை. நான் சொல்வதற்குள் அவன் மூடிவிடுகிறான்.

"உன் மெஷின் வாயத் திறக்கறதுக்குள்ள ஆளு ஒண்ணு தேறிடறான், இல்ல போயிடறான். பூட்டாம வேற என்ன பண்ணச் சொல்றே?"

"பூட்டின வீட்டுக்குள்ள யாருக்கு இருக்குன்னு உனக்குத் தெரியுமா? இருக்கறவனையும் இல்லாதவனையும் ஒண்ணா அடைச்சு வெக்கறே."

அப்பா டிவியின் சத்தத்தைக் குறைத்தார். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். "ஒருத்தன் பிரேக்குங்கறான், ஒருத்தி ஹெட்லைட்டுங்கறா. இதுல ஒண்ணு இல்லேன்னாலும் நான் டிப்போவ விட்டு வண்டிய எடுத்ததில்ல. போய்ச் சாப்பிடுங்க." சிரித்துவிட்டோம். ஆனாலும் அண்ணன் தட்டைத் தூக்கிக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டான்.

ஜூன் 5, வெள்ளி

செவ்வாயும் வெள்ளியும் அப்பாவுக்கு டயாலிசிஸ். பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் மையத்தில், ஏழாம் எண் நாற்காலி. அண்ணன்தான் காரில் கூட்டிப்போவான், இன்றும் போனான்.

நான் ஆய்வகத்துக்குத் தலைமையான பெரிய டாக்டரிடம் போய் நின்றேன். பெயர்தான் பெரிய டாக்டர். ஆள் குச்சி மாதிரி ஒரு அம்மாள். ஐந்து பேரின் மாதிரியை ஒரே குழாயில் கலந்து ஓட்டலாம் என்றேன். இல்லை என்று வந்தால் ஐந்து பேரும் ஒரே அடியில் தப்பித்தார்கள். இருக்கிறது என்று வந்தால் மட்டும் அந்த ஐந்தைப் பிரித்துத் தனித்தனியாகப் பார்ப்போம். ஒரு கிட்டில் ஐந்து ஆட்கள். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "செஞ்சு பாத்திருக்கியா?" படித்திருக்கிறேன் என்றேன். "சரி, ஆரம்பி. பொறுப்பு உன்னோடது."

ஜூன் 8, திங்கள்

நகராட்சிக் கூட்டம். மேஜைக்கு அந்தப் பக்கம் அண்ணன், இந்தப் பக்கம் நான். ஊர்ப் பொறுப்பில் இருக்கும் அதிகாரிக்குத் தூக்கமில்லாத முகம். "மூடறதா, தேடறதா? எனக்கு ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

அண்ணன் நன்றாகத்தான் பேசினான். மூடிய தெருக்களில் நோய் பாதியாகியிருந்தது. அதை மறுக்க முடியாது. நான், மூடிய தெருவில் மருந்து கிடைக்காமல் போனவர்கள் எத்தனை பேர் என்று கேட்டேன். அந்தக் கணக்கு யாரிடமும் இல்லை. கடைசியில் அதிகாரி ஆறு தெருக்களை எனக்குக் கொடுத்தார். மூட வேண்டாம், எல்லோரையும் சோதித்துப் பார், பத்து நாள்.

ஜெயித்துவிட்டேன். மாடிப்படி இறங்கும்போது கால் தரையிலேயே பாவவில்லை.

ஜூன் 10, புதன்

தேங்கிய குழாய்கள் முந்நூறாகக் குறைந்துவிட்டன. காலையில் எடுத்தால் மறுநாள் பதில். ஆறு தெருவிலும் கடைகள் திறந்திருக்கின்றன. அண்ணன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான். இருக்கட்டும்.

ஜூன் 11, வியாழன்

டயாலிசிஸ் மையத்தில் இருந்தும் இருபத்தைந்து பேரின் மாதிரி வந்தது. இனி வாராவாரம் நெகட்டிவ் சான்று இருந்தால்தான் நாற்காலியாம். ஐந்து குழாய்களாகக் கலந்தேன். அப்பாவுடையது மூன்றாவதில். ஐந்துமே இல்லை என்று வந்தன. அப்பாவிடம் சொன்னால், "நீ பாஸ் போட்டா ஃபெயிலாவேனா?" என்கிறார்.

ஜூன் 16, செவ்வாய்

எழுதினாலாவது மனசு அடங்குமா பார்க்கிறேன்.

அப்பா டயாலிசிஸ் முடிந்து வந்து, பக்கத்து நாற்காலித் தையல்காரர் இன்று வரவில்லை என்றார். காய்ச்சலாம், பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்களாம். அவர் மாதிரியைப் பிற்பகலில் நானே தனியாக ஓட்டினேன். நோய் இருக்கிறது, நிறைய. ஆனால் வியாழக்கிழமை அவர் இருந்த குழாய்க்கு இல்லை என்று எழுதியவளும் நான்தான்.

மெஷின் ஒரு குழாயை நாற்பது சுற்று ஓட்டும், நோய் இருந்தால் வரைபடத்தில் கோடு மேலெழும். வியாழக்கிழமை வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். அது 'இல்லை' அல்ல. கோடு எழுந்திருக்கிறது. முப்பத்தெட்டாவது சுற்றில், மெதுவாக, அழகாக எழுந்திருக்கிறது. எங்கள் வரம்பு முப்பத்தேழு. அதற்குள் எழுந்தால்தான் நோய். ஒருவருடைய மாதிரிக்கு அது சரி. ஐந்தைக் கலந்தால் நோய் ஐந்தில் ஒரு பங்காகத் தேயும், கோடு இரண்டு சுற்று பிந்தி எழும். அப்படியானால் வரம்பையும் தள்ளி வைத்திருக்க வேண்டும். ஐந்தைக் கலக்கத் தெரிந்த எனக்கு இது தெரியாதா? தெரியும். படித்திருக்கிறேன். மெஷினில் மாற்றத்தான் மறந்தேன். ஒரே ஒரு எண்.

எல்லா ஓட்டங்களையும் திரும்பப் பார்த்தேன். பதினோரு குழாய்கள் அப்படி. ஐம்பத்தைந்து பேர் என் கையெழுத்தோடு ஊரில் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

அண்ணனிடம் சொன்னேன். குத்திக்காட்டுவான் என்று நினைத்தேன். அவன் போய் அறைக்கதவைச் சாத்திவிட்டு வந்தான். "வெளிய மூச்சு விடாதே. இது தெரிஞ்சா நாளைக்கே மையத்த மூடுவாங்க. அப்பாவுக்கு வெள்ளிக்கிழமை என்ன பண்ணுவே?"

"மூடணும்னு கத்தினவன் நீ."

"ஊர மூடச் சொன்னேன். அப்பாவயா மூடச் சொன்னேன்?"

ஜூன் 17, புதன்

சொல்லிவிட்டேன்.

பெரிய டாக்டர் திட்டவில்லை, அதுதான் தாங்கவில்லை. வரைபடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "நானும்தானே கையெழுத்துப் போட்டேன்" என்றார். ஒரு மணிநேரத்தில் அதிகாரி அறையில் நின்றோம். மதியத்துக்குள் ஊர் முழுவதும் மூடல். டயாலிசிஸ் மையம் ஏழு நாளைக்கு மூடல். நர்ஸுகள் மூவருக்குக் காய்ச்சல். ஆய்வகத்தின் நெகட்டிவ் அறிக்கைகள் செல்லாது என்று ஓர் ஆணை. எழுதியவன் அண்ணன். அவனை அவசரப்படுத்திக்கொண்டே இருந்தார்கள், பக்கத்திலிருந்து பார்த்தேன்.

ஜூன் 18, வியாழன்

ஐம்பத்தைந்து பேரையும் தனித்தனியாக ஓட்டியதில் பதினான்கு பேருக்கு நோய். ஒருத்தி நிறைமாதம்.

ஜூன் 19, வெள்ளி

இன்று அப்பாவுக்கு டயாலிசிஸ் இல்லை. குடிக்கும் தண்ணீர் வெளியேறாமல் உடம்பிலேயே தங்கிவிடும் என்பதால் அளந்து அளந்து கொடுக்கிறோம். "ரேடியேட்டர்ல தண்ணி ஊத்த வேணாங்கறே, வண்டி எப்படிப்பா ஓடும்?" என்று அண்ணனைக் கேலி செய்கிறார். அண்ணனுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜூன் 20, சனி

பாதம் வீங்கிவிட்டது. விரலால் அழுத்தினால் குழி அப்படியே நிற்கிறது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கிறார்.

பெரிய ஆஸ்பத்திரியில் இருப்பது ஒரே டயாலிசிஸ் மெஷின், அதுவும் நோய் வந்தவர்களின் வார்டுக்குள். அங்கிருக்கும் டாக்டரிடம் கெஞ்சினேன். "பாசிட்டிவா இருந்தா இப்பவே கூட்டிட்டு வாங்கம்மா. இல்லாதவர எப்படி உள்ள விடுவேன்?" அவர் சொல்வதும் நியாயம்தான். நியாயத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

பக்கத்து ஊர் மையம் ஒப்புக்கொண்டது. இரண்டு நாளுக்குள் எடுத்த நெகட்டிவ் அறிக்கை வேண்டும், அவ்வளவுதான். அப்பாவின் மாதிரியைத் தனியாக ஓட்டினேன். வரிசையில் நாற்பது பேரைத் தாண்டி அவரை முன்னால் வைத்தேன், அதையும் இங்கே எழுதி வைக்கிறேன். நாற்பது சுற்று முடியும்வரை திரையை விட்டு நகரவில்லை. கோடு எழவே இல்லை. சுத்தமாக நெகட்டிவ். பெரிய டாக்டர் கையெழுத்துப் போட்டார். நாளைக்குக் காலையில் புறப்பாடு. நேரமாகிவிடவில்லை, இன்னும் நேரமிருக்கிறது.

ஜூன் 21, ஞாயிறு

திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

ஊர் எல்லைத் தடுப்பில் இருந்த காவலர் மரியாதையாகத்தான் பேசினார். அறிக்கையை வாங்கி ஆய்வகத்தின் பெயரைப் பார்த்தார். தன் ஃபோனில் இருந்த ஆணையை அண்ணனுக்குக் காட்டினார். "சார், இந்த ஆய்வகத்தோட நெகட்டிவ் அறிக்கை செல்லாதுன்னு போட்டிருக்கு."

"அது பழைய அறிக்கைக்குங்க. அஞ்சாம் தேதியிலேர்ந்து பதினாறு வரைக்கும்."

"தேதி எங்க சார் இருக்கு?"

தேதி இல்லை. நானும் எட்டிப் பார்த்தேன். ஒரு வரி, தேதி இல்லாத ஒரு வரி. எழுதியவன் தடுப்புக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றான். "நான்தாங்க எழுதினேன், நான் சொல்றேன்ல" என்றான். காவலர் அவனைப் பார்த்த பார்வை, பைத்தியத்தைப் பார்ப்பது போல. அந்த மையத்துக்கும் ஃபோன் போட்டோம். அவர்களிடமும் அதே ஆணை இருந்தது. அதிகாரிக்குப் போட்டோம். திருத்தி அனுப்பலாம், கையெழுத்துக்கு நாளைக்குப் பத்து மணியாகும் என்றார்கள்.

பின் இருக்கையில் அப்பா கண்ணை மூடியிருந்தார். "ரிவர்ஸ் எடுக்கும்போது பாத்து, பின்னால பள்ளம்" என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் என்னைச் சமையலறைக்கு இழுத்துப் போனான். "பாசிட்டிவ்னு எழுதிக் குடு."

"என்ன?"

"பாசிட்டிவ்னு எழுதிடு. ஆஸ்பத்திரியில சேத்துக்கறாங்கல்ல? மெஷின்ல போட்டுடுவாங்கல்ல?"

"அந்த வார்டுக்குள்ள போனா அவருக்கு நிஜமாவே ஒட்டிக்கும்ணா. இந்த உடம்புக்கு அது வந்தா—"

"அதுக்கு ரெண்டு வாரம் ஆகும். இதுக்கு ரெண்டு நாள்கூட இல்ல!" கத்திவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான். கூடத்தில் அப்பா இருக்கிறார். பிறகு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். சின்ன வயதிலிருந்து அவன் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. "பாப்பா, தப்பா ஒண்ணு எழுதினே, தெரியாம. தெரிஞ்சு ஒண்ணு எழுத மாட்டியா?"

மாட்டேன் என்றேன். என் கையெழுத்துக்கு இந்த ஊரில் இனிமேல் என்ன மதிப்பு இருக்கிறது, அதைக் காப்பாற்ற? இருந்தும் மாட்டேன் என்றேன்.

அதே நாள், மாலை

அப்பாவின் உதடு நீலமாக இருக்கிறது. நாளைக் காலை ஏழு மணிக்கு ஆய்வகம் திறந்ததும் எழுதிவிடப்போகிறேன். என்னை என்ன வேண்டுமானாலும் செய்யட்டும்.

ஜூன் 22, திங்கள்

ஏழு ஐந்துக்கு எழுதினேன். பாசிட்டிவ். பதினாறு வருஷ வேலையில் தெரிந்தே எழுதிய முதல் பொய். அச்செடுத்து மடித்துக் கைப்பையில் வைத்தேன். படியிறங்கும்போது அண்ணன் ஃபோன். எடுத்தேன், "பாப்பா, அப்பா..." என்றான். புரிந்துவிட்டது.

திருத்திய ஆணை பத்து மணி நாற்பதுக்கு வந்தது. தேதியோடு.

ஜூன் 23, செவ்வாய்

இறுதிச் சடங்குக்கு நான்கு பேருக்கு மேல் வரக்கூடாது என்பது விதி. அதையும் எழுதியது அண்ணன்தான். நாங்கள் இரண்டு பேர்தான் போனோம்.

என்ன காரணத்தால் இறந்தார் என்ற படிவத்தில், நோய்த்தொற்று என்ற கட்டத்துக்கு எதிரே இல்லை என்று எழுதச் சொன்னார்கள். எழுதினேன். ஊர்க் கணக்கில் அப்பா வரமாட்டார். மூடியதால் செத்தவர்கள் என்று ஒரு கட்டம் இல்லை, தப்பாகச் சோதித்ததால் செத்தவர்கள் என்றும் இல்லை. ரெண்டு பேரும் சேந்துதானேப்பா உங்கள—

முடியல. போதும்.

ஜூன் 25, வியாழன்

கைப்பையில் இருந்த தாளை அண்ணன் பார்த்துவிட்டான். படித்தான். "எழுதிட்டியா?" என்றான். கிழித்தான், அது துகளாகும்வரை கிழித்தான். அப்பா போன பிறகு அவன் அழுதது இன்றுதான்.

ஜூன் 29, திங்கள்

பெரிய டாக்டரிடம் அந்தப் பொய்யையும் சொன்னேன். மெஷினில் பதிவாகியிருக்கிறது, எப்படியும் தெரியும். வேலையை விடுகிறேன் என்றேன். "விட்டுட்டு? ஃபிரிட்ஜில எண்ணூறு குழாய் இருக்கு. விசாரணை வரும்போது வரட்டும், வெள்ளைக் கோட்டை எடுத்துப் போடு." போட்டேன்.

ஜூலை 2, வியாழன்

கூட்டம். மூடறதா, தேடறதா என்று அதிகாரி மறுபடி கேட்டார். எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள். கடைசியில் யாரோ ஜன்னலைத் திறந்துவிட்டு வந்து வேறு பேச்சை எடுத்தார்கள்.

ஜூலை 14, செவ்வாய்

ஊர் மூடித்தான் இருக்கிறது. டயாலிசிஸ் மையம் மட்டும் திறந்திருக்கிறது. அண்ணன் எழுதிய புதிய ஆணையின் முதல் பத்தியே அதுதான், தேதி, நேரம், வண்டி எண் எல்லாம் போட்டு. ஆனாலும் ஆணையை நம்பாமல் அவனே ஆட்களைக் காரில் ஏற்றி ஒவ்வொரு தடுப்பாகக் கடந்து கொண்டுபோய் விடுகிறான். இன்று ஐந்து நடை. தையல்காரர் பிழைத்துவிட்டார், அவரையும் அவன்தான் கூட்டிப்போனான்.

அப்பாவின் இடத்துக்கு ஒரு பள்ளிக்கூட ஆசிரியை வந்திருக்கிறாள், முப்பது வயதுகூட இருக்காது. அவளுடைய மாதிரியைக் காலையில் ஓட்டினேன். ஒரு குழாய், அதில் அவள் மட்டும். நாற்பது சுற்றும் முடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.