கறிக்கடைக்காரர் மனைவி கறி சாப்பிடவில்லை

மார்ச் 3, செவ்வாய்

இன்றும் அதே சண்டை. இனி வாரத்தில் ஒருநாள் மட்டும்தான் கறி என்று சொல்லிவிட்டேன். வீட்டை விட்டே போகிறேன் என்று சொன்னதுபோல இவர் முகம் போனது. "கறிக்கடைக்காரருக்கு வாக்கப்பட்டுட்டு இப்படிச் சொன்னா வேற எப்படி அண்ணி போகும்?" என்கிறாள் நாத்தனார். மாடியில் குடியிருக்கிறாள். சண்டை என்றால் முதல் ஆளாக இறங்கி வந்துவிடுவாள்.

ஏரியின் நீர்மட்டத்தை அளப்பதுதான் எனக்கு அலுவலகத்தில் வேலை. போன வருடம் தண்ணீரில் நின்ற அளவுகோல் இந்த வருடம் சேற்றில் நிற்கிறது. பார்த்துவிட்டு வந்து எப்படிச் சும்மா இருப்பது? ஆடு மாடுகள் வெளியிடும் வாயு காற்றை எப்படிச் சூடாக்குகிறது என்று இவரிடம் பொறுமையாக விளக்கினேன். கத்தியைத் தீட்டிக்கொண்டே கேட்டார். "ஆடு ஏப்பம் விட்டா ஏரி வத்திடுமா?"

அண்ணனும் தங்கையும் சேர்ந்து சிரித்தார்கள்.

மார்ச் 8, ஞாயிறு

என் கறி நாள். வயிறு நிறையச் சாப்பிட்டேன். "பூமி ஒண்ணும் சொல்லலையா?" என்றாள் நாத்தனார். பதில் சொல்ல முடியவில்லை, வாயில் எலும்பு.

மார்ச் 11, புதன்

எங்கள் வீட்டில் கறி வாங்குவது என்ற பேச்சே கிடையாது. கடையில் விற்காமல் மிஞ்சுவது வீட்டுக்கு வரும். நான் வந்த நாளிலிருந்து அதுதான் சமையல். இன்று மிஞ்சிய தொடைக்கறியை என் முன்னால் வைத்து, "நீ சாப்பிடலைன்னா இந்த ஆடு எழுந்து நடக்கப்போகுதா? குப்பைக்குத்தான் போகும்" என்றார்.

சரிதானே? அப்படியென்றால் நான் எதற்காக நாக்கைக் கட்டிக்கொண்டு கிடக்கிறேன்?

"அப்போ கடைக்குக் கம்மியா ஆடு எடுங்க" என்றேன். முறைத்தார். கொக்கி நிறையக் கறி தொங்காவிட்டால் கடை படுத்துவிட்டது என்று ஊர் நினைக்குமாம். மிஞ்சினாலும் பரவாயில்லை, கொக்கி காலியாக இருக்கக் கூடாதாம். அவர் அப்பா சொல்லிக்கொடுத்த தொழில் ரகசியம்! இந்த ரகசியத்தைத்தான் நான் இத்தனை வருடமாகக் குழம்பு வைத்துக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 12, வியாழன்

பயறு. மறுபடியும் பயறு. எனக்கே பிடிக்கவில்லை.

மார்ச் 19, வியாழன்

தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது. நாத்தனார் தையல்கடையில் உட்கார்ந்து, "எங்க அண்ணி இப்பல்லாம் கறியத் தொடறதே இல்ல" என்று அளந்திருக்கிறாள். அங்கே ஜாக்கெட் தைக்க வந்திருந்த டீச்சரம்மா எங்கள் கடையின் பழைய வாடிக்கை. கறிக்கடைக்காரர் பெண்டாட்டியே சாப்பிடவில்லை என்றால் கறியில் ஏதோ கோளாறு என்று அவராகவே முடிவு கட்டிவிட்டார். முடிவு கட்டியவர் சும்மாவாவது இருந்தாரா? தெரு முழுக்கப் பரப்பிவிட்டார்.

பேருந்து நிறுத்தத்தில் அவரைப் பிடித்து ஏரி, வாயு, வெப்பம் எல்லாவற்றையும் விளக்கினேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "என்கிட்ட மட்டும் சொல்லும்மா, ஆட்டுக்கு என்ன நோய்?" என்கிறார்!

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

மார்ச் 22, ஞாயிறு

கடை வாசலில் ஈ, காக்காய் இல்லை என்று எழுதப் போனேன். ஈ இருந்தது. ஆள்தான் இல்லை.

இவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

மார்ச் 25, புதன்

குளிர்பெட்டியில் இடமில்லை. கெட்டுப்போனதை மூட்டையாகக் கட்டி, ஒரு பக்கம் இவர், ஒரு பக்கம் நான் பிடித்துக் குப்பை வண்டியில் ஏற்றினோம். என்ன கனம்!

பூமிக்கு நல்லது செய்கிறேன் என்று கிளம்பி ஒரு முழு ஆட்டைக் குப்பையில் கொட்டியிருக்கிறேன். இவர் பிழைப்பிலும் மண்ணைப் போட்டுவிட்டேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை இதுதானே? நன்றாக அழுதேன்.

"கடை வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்து, எல்லார் முன்னாலயும் கறி சாப்பிடறேன். பார்க்கட்டும்" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

"நீ என்ன பொம்மையா, வாசல்ல வைக்கிறதுக்கு? உனக்கு வேணாம்னா வேணாம். ஊருக்காக ஒண்ணும் நீ திங்க வேணாம்" என்று கத்தினார்.

கத்தல் பழைய கத்தல்தான். ஆனால் இந்தத் தடவை என் பக்கம் நின்று கத்தினார்.

மார்ச் 28, சனி

ஆடு அனுப்பும் மொத்த வியாபாரிக்குப் போன் போட்டு, இனி பாதி போதும் என்று சொல்லிவிட்டாராம். நாத்தனார் சொல்லித்தான் தெரியும். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. பாதிக் கொக்கிகள் காலி. அந்தப் பக்கம் திரும்பாமலே நின்று வெட்டுகிறார். பார்க்கச் சகிக்கவில்லை.

ஏப்ரல் 12, ஞாயிறு

டீச்சரம்மா ஆடி அசைந்து கடைக்கு வந்தார். ஈரல் மலிவாகக் கிடைக்கும் என்று நினைத்திருப்பார். பாதிதான் எடுப்பதால், அடுத்த தெருக்காரர்கள் சிலர் வாங்கியதிலேயே எல்லாம் தீர்ந்துவிட்டது என்றார் இவர். இல்லை என்று கேட்டதுமே அவருக்கு ஆசை வந்துவிட்டது. "இவ்வளவு சீக்கிரம் தீருதுன்னா கறி நல்லாத்தான் இருக்கணும்" என்று என்னிடமே சொல்கிறார். தொங்கியபோது நோய், தீர்ந்ததும் ருசி! இவர்களிடம் போய் ஏரியைப் பற்றிப் பேசினேன் பார், என்னைச் சொல்ல வேண்டும்.

ஏப்ரல் 23, வியாழன்

டீச்சரம்மா இதையும் தெரு முழுக்கப் பரப்பியிருக்கிறார். விடிந்தும் விடியாமல் கடையில் வரிசை நிற்கிறது. கறி மிஞ்சுவதே இல்லை, அதனால் வீட்டில் எல்லோருக்கும் பயறுதான். நாத்தனார் கீழே இறங்கி வருவது குறைந்திருக்கிறது. அது ஒன்றுதான் நிம்மதி.

புதிய தொல்லை: சீக்கிரமே கடையை மூடிவிட்டு இவர் வீட்டுக்கு வந்துவிடுகிறார். சாப்பாட்டு வேளைக்கு நான் அலுவலகத்திலிருந்து ஓடி வந்தால், தட்டின் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். உப்பு குறைச்சலாம். பயறு வேகவில்லையாம்.

மே 5, செவ்வாய்

மத்தியானம் மொத்த வியாபாரி வீட்டுக்கே வந்துவிட்டார். "கூட்டம்தான் அள்ளுதே, பழையபடி முழுசா அனுப்பிடட்டுமா?" என்று கேட்டார். சமையலறையில் கரண்டியும் கையுமாக அப்படியே நின்றேன்.

"வேணாம்ணே. இதுவே போதும்" என்றார் இவர்.

அவர் போனதும் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"ஏன்னு சொன்னா நீ உடனே ஏரியில ஆரம்பிப்ப. சாப்பாட்டைப் போடு."

ஒரு நல்ல வார்த்தை அந்த வாயிலிருந்து விழுந்துவிடக் கூடாது! கோபம் பொத்துக்கொண்டு வந்தது எனக்கு. தட்டை வைத்துப் பரிமாறினேன். பயறு இன்றும் சரியாக வேகவில்லை. குறை சொல்லாமல் சாப்பிட்டு முடித்து, தட்டை மறுபடியும் நீட்டினார்.