அவள் ஏன் இரண்டு கப் வாங்கினாள்?

இன்று காலை உன் கப்பில் முதல்முறையாக டீ ஊற்றினேன். கழுவும்போது அடியிலிருந்த விலை ஸ்டிக்கர் வெந்நீரில் ஊறிக் கழன்று என் விரலில் ஒட்டிக்கொண்டது. எட்டு மாதமாக அதற்கு ஒன்றும் ஆகாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ இருந்திருந்தால் கேட்டிருப்பாய்: "ஒரு ஸ்டிக்கரைப் போய் எட்டு மாசமா காப்பாத்துனியா? உனக்கு என்னடி கோளாறு?"

கோளாறு கண்டுபிடிப்பது என் வேலையாகத்தான் இருந்தது. பழைய அமெரிக்க நாவல்களைப் படிக்கும் அந்த இணையக் குழுவில் ஒருநாள் நீ 'அய்யோ' என்று தமிழ் எழுத்தில் போட்டாய். நான் துள்ளிக் குதித்துக் கேட்டேன்: நீ தமிழா? எங்கே? கார்டன் ரீச் என்றாய். அதே கல்கத்தாவில் நான் பவானிபூர்! வீட்டுக்கு வெளியே தமிழ் பேச எனக்குக் கிடைத்த முதல் ஆள் நீ. பாதி வாக்கியத்தில் இருவருமே வங்காள மொழிக்குத் தாவிவிடுவோம் என்பது வேறு விஷயம்.

உளவியலை நான் எந்தக் கல்லூரியிலும் படிக்கவில்லை. வீடியோ பார்த்தும் கிடைத்ததைப் படித்தும் சேர்த்துக்கொண்டதுதான். எந்தக் கதாபாத்திரத்தைக் காட்டினாலும் ஐந்து நிமிடத்தில் நோய்க்குப் பெயர் வைத்துவிடுவேன். நீ எனக்கு டாக்டரம்மா என்று பெயர் வைத்தாய்.

அந்தக் குழுவில் ஒரு நாவலை நாம் சேர்ந்து படித்தோம். நூறு வருடத்துக்கு முன்பு அச்சான புத்தகம். இணையத்தில் இலவசமாகக் கிடைத்த ஸ்கேன் பிரதி. கதாநாயகியின் புருஷன் கெட்டவன் இல்லை. அடுப்புக்குக் கரி கொண்டுவந்து போடுவான், அடிக்க மாட்டான். ஆனால் அந்த வீட்டில் யாரும் அவளிடம் ஒரு கேள்விகூடக் கேட்பதில்லை. ஒரு பனிக்காலக் காலையில் அவள் ரயிலேறி நகரத்துக்குப் போய்விடுகிறாள். வாடகை அறை. முதல் வாரமே கடைக்குப் போய் இரண்டு கப் வாங்குகிறாள். அத்தோடு நாவல் முடிகிறது.

காளிகாட் மெட்ரோ வாசலில், சனிக்கிழமை, மண்குவளை டீயோடு நாம் போட்ட சண்டை முழுக்க அதைப் பற்றித்தான்.

"இது தெளிவான அந்நியமாதல்" என்றேன். "அன்பு காட்டத் தெரியாதவங்கதான் இப்படித் தனி ரூம் தேடிப் போவாங்க. சுதந்திரம்னு அவ நினைச்சுக்கறா. ரெண்டாவது கப்பு, விட்டுட்டு வந்த வீட்டுப் பழக்கம்."

"எங்க கொள்ளுத்தாத்தா அதே காலத்துல தஞ்சாவூர்லேர்ந்து ரயிலேறி கல்கத்தாவுக்கு கிளார்க்கா வந்தாரே. அவர் வந்தா பொழப்பு, இவ போனா நோயா?"

"அது வேற, இது வேற."

"எப்படி வேற? சரி, அந்த ரெண்டாவது கப்பு யாருக்கு? அதை மட்டும் சொல்லு டாக்டரம்மா."

நான் ஏற்கெனவே ஃபோனில் தட்டிக்கொண்டிருந்தேன். குழுவுக்கு ஒரு நீளமான பதிவு. நீ குவளையைத் தொட்டியில் எறிந்துவிட்டு, "பக்கத்துல ஒரு இடம் காட்டணும், வர்றியா?" என்றாய். "இரு, இதை முடிச்சிடறேன்" என்றேன். முடிக்க அரை மணி நேரம் ஆனது. அதற்குள் நீ கிளம்பிவிட்டாய். பதிவுக்கு நிறைய லைக் வந்தது. உன் லைக் வரவில்லை.

மூன்று வாரம் கழித்து உனக்கு டெங்கு. ஏழு நாள்தான்.

அதற்குப் பிறகு உன் அப்பா கூப்பிட்டார். "காளிகாட்ல அவ ரூமைக் காலி பண்ணணும்மா. தனியா உள்ள போக முடியல. நீ வர்றியா?"

"ரூமா?"

"உனக்குத் தெரியாதா? ரெண்டு மாசமா அங்கதான் இருந்தா. அதுக்காக அவ அம்மா அவகிட்ட பேசறதையே விட்டுட்டா."

நாம் டீ குடிக்கும் இடத்திலிருந்து இரண்டு நிமிட நடை. ஒரு ஜன்னல், ஒரு மெத்தை, அலமாரியில் இரண்டு நீலக் கப். ஒன்றின் உள்ளே டீக் கறை. இன்னொன்றின் அடியில் ஸ்டிக்கர். அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது யாருக்கும்மா வாங்கினா? அவ அம்மாவுக்கா?"

எனக்குத் தெரிந்த நோய்ப் பெயர்கள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. ஒன்றையும் அந்த முகத்துக்கு முன்னால் சொல்ல முடியவில்லை.

"தெரியல அங்கிள். அவளும் இதைத்தான் எங்கிட்ட கேட்டா."

கறை படிந்ததைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டார். "இதை அவ அம்மாகிட்ட கொடுக்கறேன். இன்னொண்ணு உங்கிட்ட இருக்கட்டும்."

அன்றே அந்தப் பதிவை அழித்தேன். அந்த இடத்தில் உன் கேள்வியை மட்டும் போட்டேன்: அவள் ஏன் இரண்டு கப் வாங்கினாள்? பதில்கள் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன. தோழிக்கு என்கிறார் ஒருவர். புருஷன் தேடி வருவான் என்று, என்கிறார் இன்னொருவர். யாரையும் நான் திருத்துவதில்லை. இன்று காலை ஹவுராவிலிருந்து ஒரு அம்மா கேட்டிருந்தார்: "ஒண்ணு உடைஞ்சு போனா?"

சத்தமாகச் சிரித்துவிட்டேன். நீயும் சிரித்திருப்பாய். அதற்குப் பிறகுதான் உன் கப்பை அலமாரியிலிருந்து எடுக்க முடிந்தது.

சாயந்திரம் வேலை முடிந்து வரும்போது இன்னொரு கப் வாங்கி வரப்போகிறேன். யாருக்கு என்று நீ கேட்டால், என்னிடம் பதில் இல்லை.