சத்தியம் வேண்டாம்

தாராவி, 9 ஆகஸ்ட் 1964, ஞாயிறு

ஊரில் பெரிய பேரன் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். பேத்தி தையலில் முதல் பரிசு. சின்னவன் ஞாயிறு பள்ளியில் வேதாகமத்திலிருந்து ஒரு முழுச் சங்கீதத்தையும் பார்க்காமல் ஒப்புவித்தானாம். அவர்கள் அப்பன், இங்கே என்னோடிருக்கும் என் மகன் தங்கராஜ், ஈஸ்டரிலிருந்து சாராயத்தைத் தொடவில்லை. எனக்கு அதுதான் பெரிய பாஸ்.

இன்று ஆராதனை முடிந்ததும் சபை மூப்பர் என்னை நிறுத்தினார்.

“யக்கா, தங்கராஜ் வேதத்துல கைவச்சு சத்தியம் பண்ணட்டும். அப்பந்தான் பொண்டாட்டி பிள்ளைகள அனுப்பச் சொல்லி ஊருக்கு எழுதுவேன்.”

“மூணு மட்டம் சத்தியம் பண்ணிட்டான், மூப்பரே. மூணு மட்டமும் குடிச்சான். இப்பம் சொந்தப் பலத்த விட்டுட்டு ஆண்டவரப் பிடிச்சிருக்கான். கெடுத்துராதேயும்.”

“நாளைக்கு விழுந்தா?”

“விழுந்தா அவரு காலத்தான் பிடிப்பான். உம்ம கால இல்ல.”

தினமும் வேலை விட்டு வரும்போது சாராயக் குடிசையைத் தாண்டித்தான் வரவேண்டும். “என்னால முடியாது, நீர் நடத்தும் ஆண்டவரே” என்று முணுமுணுத்தபடியே தாண்டுகிறான். அது போதும்.

மூப்பர் எழுத வேண்டாம். மருமகளுக்கு நானே இப்படி எழுதுவேன்: தங்கராஜ் வைத்திருக்கும் போட்டோவில் சின்னவன் இன்னும் இடுப்புப் பிள்ளை. நீ வரும்வரை அவன் பார்த்துக்கொண்டிருக்க, பிள்ளைகளோடு புதுசாய் ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் அனுப்பு, தாயி.