பொம்மி புதைத்த முட்டைகள்

மாசி 9, வெள்ளி

பொம்மி, காலையிலிருந்தே கொண்டல் காற்று. கண்ணெல்லாம் மணல். காய்ச்சலில் நீ போய் ஒன்பது நாள். உன் பை, செருப்பு, கல்லூரிக் கடல் படிப்புக்கு நீ எழுதிய நோட்டு. அதில் மிச்சமிருந்த தாளில்தான் எழுதுகிறேன். நீ எழுதியது முழுக்க இங்கிலீஷ். ஐந்தாவது படித்த உன் அம்மாவுக்கு எண் மட்டும் புரிகிறது. 112. காய்ச்சலுக்கு முன் நீ கரையில் பொறுக்கி, வேலிக்குள் கடைசியாகப் புதைத்த கடலாமை முட்டை. புதைத்துப் பதினைந்து நாள்.

இறால் பண்ணைக்காரன் கழிவுத் தண்ணீருக்கு வாய்க்கால் வெட்டுகிறான். நம் குத்தகை வயலை உப்பாக்கிய அதே தண்ணீர். சுண்ணாம்புக் கோடு நேராக உன் முட்டைக்குழி வேலி மேல்.

மாசி 10, சனி

விடிந்ததும் போனேன். கையால் தோண்டி எல்லாவற்றையும் எடுத்தேன். வடக்கே மேட்டில் புதுக் குழி. விதைநெல்லுக்குச் செய்வது போல அண்டாவில் உப்புத் தண்ணீர் வைத்துப் போட்டுப் பார்த்தேன். பதினெட்டு மிதந்தது. பதர் என்று ஒதுக்கினேன். மீதியைத் துடைத்துப் புதைத்தேன்.

மேலத்தெரு சரோசா: "என்னக்கா, ஆமைக்கு மருத்துவச்சியா? பத்தியத்துக்குப் பூண்டுக் குழம்பா?"

சிரித்துவிட்டேன். நீ போனபின் முதல் தடவை. அப்புறம் வெட்கம்.

வாங்க வேண்டியது: மண்ணெண்ணெய், சீயக்காய்.

மாசி 13, செவ்வாய்

உன் கல்லூரி மேடம் வந்தார்கள். உன் படத்துக்குப் பூ. வேலி இருந்த இடத்தில் வாய்க்கால். நடந்ததைச் சொன்னேன். மேடம் புதுக் குழி அருகே உட்கார்ந்தார்கள்.

"இந்த நாள்ல முட்டையப் பொரட்டக் கூடாதும்மா. குஞ்சு மேல்பக்கமா ஓட்டுல ஒட்டிக்கிட்டிருக்கும். பொரண்டா செத்துடும்."

"எல்லாமேவா?"

"தெரியலைம்மா. ஒண்ணு ரெண்டு பொழைக்கலாம். விட்டிருந்தாலும் வாய்க்கால்லதான் போயிருக்கும்."

ஆறுதலுக்குச் சொன்னது.

"பொம்மி பொதைச்சதுலேருந்து ஐம்பத்தஞ்சு நாள் பாப்போம். அப்புறம் தோண்டி எத்தனை பொரிஞ்சதுன்னு எண்ணி எழுதணும். ஒண்ணு பொரிஞ்சாலும் போதும், இது ஆமை பொரிக்கிற கரைன்னு காட்டி வாய்க்காலை நிறுத்த மனு குடுக்கலாம்."

நோட்டில் நீ சிவப்புக் கோடு போட்ட வரியைக் காட்டினார்கள். 'அசைக்கக் கூடாது' என்று அர்த்தமாம். அந்த வரியைத் தினமும் விரலால் தடவியிருக்கிறேன், உன் கையெழுத்து என்று.

ஒதுக்கிய பதினெட்டை அன்றைக்கே காகம் தின்றது. அதை மேடத்திடம் சொல்லவில்லை.

பங்குனி 12, புதன்

நாள் 48. இறால் பண்ணையை மூடச் சொல்லி நாகப்பட்டினத்தில் ஊர்வலம். ஊரே லாரி ஏறியது. நான் போகவில்லை. நாய் கிளறாமல் குழி அருகே உட்கார்ந்திருந்தேன். மடியில் கம்பு, மோர் பாட்டில்.

பண்ணைக் காவல்காரர்: "ஊரே எங்களத் திட்டப் போயிருக்கு. நீங்க மணலுக்குக் காவலா?"

"ஆமாங்க."

"பொரிச்சா ரெண்டு குடுங்க, இறால் குட்டையில விடுறேன்."

போகும்போது அவராகவே நாயை விரட்டிவிட்டுப் போனார்.

பங்குனி 19, புதன்

நாள் 55. நல்ல வெயில். முதுகு வலி. மணல் அசையவில்லை. காதை வைத்துக் கேட்டேன். அலைச் சத்தம் மட்டும்.

மேடம் டீக்கடைக்குப் போன் செய்தார்கள். பரீட்சை வேலையாம், வர முடியவில்லை. "நீங்களே தோண்டி எண்ணிடுங்கம்மா."

எண்ணத் தெரியும். அரை முழம் தோண்டிக் கையை எடுத்துவிட்டேன். உள்ளே ஒன்று உயிரோடு இருந்தால் இரண்டாம் தடவையும் நானே புரட்டியதாகும். ஒன்றுமில்லை என்றால் அதையும் என் கையால்தான் உன் நோட்டில் எழுத வேண்டும்.

பொம்மி, தோண்டட்டுமா, இன்னும் ஒரு நாள் பார்க்கட்டுமா?