தீ என்றால் குடை

என் அருமை அப்பா,

ரங்கூனில், நம் பசுந்தாங் பகுதியில் மழை பிடித்துக்கொண்டது. நீங்கள் இருந்திருந்தால் இந்நேரம் அறைக்கதவைச் சாத்திவிட்டு, முதலாளி கொடுத்த கைத்துப்பாக்கியைத் துடைத்து, ஈரம் பட்ட தோட்டாக்களை மாற்றிக்கொண்டிருப்பீர்கள். இப்போது அதைத் தம்பி செல்வம் செய்கிறான். நகைக்கடையிலிருந்து முதலாளி வீட்டுக்குத் தங்கம் கொண்டுபோகும் உங்கள் வேலையும், உரிமம் உள்ள அந்தத் துப்பாக்கியும் அவனிடம் வந்துவிட்டன.

உங்களுக்குத் தெரியாததெல்லாம் அவனுக்குத் தெரிகிறது. கைபேசியில் எந்த நாட்டுக்காரனோ பேசுவதைக் கேட்டுவிட்டு என்னிடம் சொல்கிறான்.

"குளிர்காலத்துல ஆளுங்க தடியா கோட்டு போடுவாங்கக்கா. அதுக்குத் தனித் தோட்டா வேணும்."

"ரங்கூன்ல எவன்டா கோட்டு போடுறான்?"

"போட்டா?"



அக்கம்பக்கத்துக்குத் தெரியக்கூடாது என்று நீங்கள்தான் துப்பாக்கிக்கு 'தீ' என்று பெயர் வைத்தீர்கள். பர்மியத்தில் தீ என்றால் குடை. "தீ எடுத்தாச்சா?" என்று கொளுத்தும் வெயிலிலும் அம்மா கேட்பாள். நல்ல முன்யோசனையுள்ள குடும்பம் என்று பக்கத்து வீட்டார் நினைத்துக்கொண்டார்கள். தமிழ்க் காதுக்கு அது நெருப்பு. அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பீர்கள். இப்போது நினைத்தால் எனக்கு எரிச்சலாக வருகிறது.

போன வாரம் செல்வம் கீழே டோ மியாவின் தேநீர்க்கடை வாசலில் நின்றிருந்தான். திடீரென்று மழை. அம்மா மூன்றாம் மாடியிலிருந்து கத்தினாள்: "செல்வம்! தீய விட்டுட்டுப் போறியேடா!"

அவள் சொன்னது நிஜக் குடையை. காய்கறி ஏற்றும் கயிற்றில் அதைக் கட்டி இறக்கிக்கொண்டிருந்தாள். அவன் அண்ணாந்து பார்க்கவில்லை. பதறிப்போய்ச் சட்டையைத் தூக்கி இடுப்பைத் தடவினான். துப்பாக்கி அங்கேயேதான் இருந்தது. கடையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். குடை பாதிக் கயிற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

"தம்பி, கல்யாணம் எப்போ? நான் கெழவி ஆயிட்டேன்" என்று தன் அரைகுறைத் தமிழில் அவனை வம்புக்கிழுப்பாளே டோ மியா, அவள் இப்போது பேசாமல் தேநீரை வைத்துவிட்டுப் போகிறாள். அவளை விடுங்கள். அன்று அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் யார் யாரிடம் போய்ச் சொல்லியிருப்பார்கள்? தங்கத்துக்கு ஆசைப்படுகிறவன் முதலில் யாரை அடிக்க வேண்டும் என்பது இனி ரகசியமில்லை.

திருப்பிக் கொடுத்துவிடு, வேறு வேலை பார்ப்போம் என்றேன். "சட்டை மெல்லிசுக்கா, அதான் தெரிஞ்சுபோச்சு. மழைக்காலத்துக்குச் சின்னதா ஒண்ணு தரேன்னு முதலாளி சொல்லியிருக்காரு" என்கிறான்.

சட்டையை மாற்றுவானாம், துப்பாக்கியை மாற்றுவானாம், தோட்டாவை மாற்றுவானாம். நீங்களும் அப்படித்தானே அப்பா? அது இல்லாமல் வெளியே போக ஒரு பருவம் உண்டா என்று ஒருநாளாவது யோசித்தீர்களா? நீங்கள் அதை ஒருமுறைகூட வெளியே எடுக்காமல், காய்ச்சலில், உங்கள் கட்டிலில் போனீர்கள். இந்த வேலையில் ஆபத்தில்லை என்பதற்குச் செல்வம் அதையே எனக்குச் சாட்சியாகக் காட்டுகிறான். அது சாட்சியா?

அம்மா இப்போது நிஜக் குடையைக்கூட வாய்விட்டுச் சொல்வதில்லை. எடுத்து அவன் கையில் திணித்துவிட்டு உள்ளே போய்விடுகிறாள்.

நீங்கள் வைத்த பெயரை நான் எடுத்துவிடுகிறேன் அப்பா. நாளையிலிருந்து அவன் கிளம்பும்போது வாசலில் நின்று, அம்மா காதில் விழ, நல்ல தமிழில் கேட்பேன்: "செல்வம், துப்பாக்கிய எடுத்துக்கிட்டியா?" அவன் வெறும் குடையோடு படியிறங்கும் நாள்வரை கேட்பேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

செல்வத்துக்கு என்றும் அக்காவாக இருக்க வேண்டிய
உங்கள் மகள்