இளைப்பு மாத்திரை

திருக்கோகர்ணம்,
ஆகஸ்ட் 1957

அத்தானுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. குணமாகிவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தூக்கத்தில் பாய் நனைந்துவிடுகிறது என்பதற்காக என்னைக் கறம்பக்குடியில் பிறந்த வீட்டுக்குப் பஸ் ஏற்றிவிட்டீர்கள். அதற்கு முன்னால் உங்கள் அம்மா அந்தப் பாயைத் தெருவேலியில் விரித்துப்போட்டு, "எம் மருமக கொண்டாந்த சீரைப் பாருங்கடி" என்று சிரித்தார்கள். நீங்கள் பக்கத்தில் நின்று பல் விளக்கிக்கொண்டிருந்தீர்கள்.

புதுக்கோட்டை டாக்டரம்மா சிரிக்கவில்லை. "மூச்சு இளைப்புக்குக் குடுக்குற மாத்திரைதாம்மா இது. மூத்திரப்பை வாயையும் இறுக்கிப் பிடிக்கும்" என்று சொல்லிக் கொடுத்தார். அதைப் போட்டால் நெஞ்சு படபடத்தது, தூக்கம் குறைந்தது. ஆனால் படுக்கை நனையவில்லை.

போன மாதம் ஆஸ்பத்திரியில் மாத்திரை தீர்ந்துபோய், மறுபடி நனைந்தது. உட்கார்ந்து அழுதேன்.

"இதுக்கா அழுகுறே? எந்திரி, சேலைய மாத்து. நான் அலசிப் போடுறேன்" என்றாள் அண்ணி. அப்புறம் இங்கே யாரும் அதைப் பேசவில்லை.

முழுசாக நின்றுவிட்டதென்று டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொண்டு வரச் சொல்கிறீர்கள். கேட்டால் எழுதித் தருவார். நான் கேட்கப் போவதில்லை. நிற்கவில்லை என்றே உங்கள் அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
இந்த வீட்டுப் பெண்